பாய் சொன்ன கதையும் நான் சொன்ன கதையும்

மகனுடைய பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள். காலை பதினோரு மணி இருக்கும். பந்தல்காரர் வந்து வாடகை நாற்காலிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முன்னறையில் எங்கள் சொந்த நாற்காலிகள் இரண்டு மட்டும் மிச்சம். ஒன்றில் நான். இன்னொன்றில் எதிர்வீட்டு செய்யது பாய் வந்து உட்கார்ந்தார்.

கோவில்பட்டி பஜாரில் அவருக்கு மெத்தைக் கடை. எப்போது பார்த்தாலும் சட்டையில் எங்காவது ஒரு துணுக்கு இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். அன்றைக்குத் தோளில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

அந்தப் பதினாறு நாளும் வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். விதி என்றார்கள். நேரம் என்றார்கள். கண்ணேறு என்றுகூட ஒருவர் சொன்னார். பாய் மட்டும் தினமும் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போவார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, எங்க வேதத்துல ஒரு கதை இருக்கு. சொல்லட்டுமா?"

தலையை ஆட்டினேன்.

ஒரு நபி, ஞானம் தேடி ஒரு பெரியவரோடு பயணம் போகிறார். பாய் பெயர்களைச் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. தான் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது பெரியவர் போட்ட நிபந்தனை. இருவரும் ஏழைகளின் படகு ஒன்றில் ஏறுகிறார்கள். பெரியவர் அதில் ஓட்டை போடுகிறார். பிறகு போகிற வழியில் ஒரு பையனைப் பார்க்கிறார்கள். பெரியவர் அவனைக் கொன்றுவிடுகிறார்.

அதற்குப் பிறகு ஒரு சுவர் வந்தது. என் காதில் அது விழவில்லை. நான் அந்தப் பையனோடு நின்றுவிட்டேன்.

கடைசியில் பெரியவர் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறார். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் ராஜா ஒருவன் வந்துகொண்டிருந்தான், ஓட்டைப் படகென்றால் விட்டுவிடுவான், அதனால் ஓட்டை போட்டேன் என்கிறார். பையனுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். அவனுடைய தாய் தகப்பன் நல்லவர்கள். வளர்ந்திருந்தால் அவன் அவர்களை வதைத்திருப்பான். அவனைவிட நல்ல பிள்ளையை ஆண்டவன் அவர்களுக்குத் தருவான்.

"நமக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்."

சொல்லிவிட்டு என் கையை ஒரு தடவை தொட்டார். எழுந்து போனார்.

சமையலறை வாசலில் என் மனைவி செல்லத்தாய் நின்றிருந்தாள். அவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று அவளிடம் கேட்டேன். ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார் என்றாள்.

எனக்கு அப்படிப் படவில்லை.

என் உத்தியோகம்

இந்தத் தொடரில் இதுவரை பஸ்களைப் பற்றித்தான் எழுதிவந்தேன். படித்துவருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: அரசு பஸ்ஸில் செக்கிங் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். திடுதிப்பென்று பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட் கேட்பவன். ஊரில் எனக்குப் பெயரே 'செக்கர் அண்ணாச்சி'தான்.

அந்த வேலையில் டிக்கெட்டைப் பார்ப்பது கடைசிதான். முதலில் பார்ப்பது கண்ணை. அடுத்தது கையை. யார் சட்டென்று தூங்க ஆரம்பிக்கிறார், யார் பையைத் துழாவுகிறார், யார் நம்மைப் பார்த்துத் தேவையில்லாமல் சிரிக்கிறார். பத்துக்கு ஒன்பது தடவை என் கணிப்பு சரியாக இருக்கும்.

தவறிய ஒரு தடவை ஞாபகம் இருக்கிறது. எட்டயபுரம் சாலையில், பருத்தி வெடித்துக் கிடந்த காலம். நான் ஏறியதுமே நடுவயதுக்காரர் ஒருவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆள் மாட்டிக்கொண்டார் என்று நேராக அவரிடம் போனேன். டிக்கெட்டை எடுத்து நீட்டினார். சரியான டிக்கெட். முகம் நனைந்திருந்தது. அழுததை மறைக்கத்தான் திரும்பியிருக்கிறார்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன். எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கண்தான். முத்துக்குமார் எங்கள் ஒரே மகன். செல்போன் டவர்களைப் பராமரிக்கிற வேலை. நேரம் காலம் கிடையாது. வாசலில் பைக் சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிடுவேன். எங்க போன, யாரோட போன, போன் ஏன் எடுக்கல. அவன் நின்று நிதானமாகப் பதில் சொல்வான். சொல்லி முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். தகப்பன் என்றால் இதெல்லாம் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

மண்ணை யார் விசாரிப்பது

ஐப்பசியில் முதல் மழை பெய்து விட்டிருந்தது. அவன் கழுகுமலையிலிருந்து வந்துகொண்டிருந்தான். மழை பெய்த மறுநாள் எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புஞ்சைக்குள் போய்த் திரும்புகிற டிராக்டர்கள் சக்கரம் நிறையக் கரிசல் மண்ணை அப்பிக்கொண்டு வந்து தார் ரோட்டில் உதறிவிட்டுப் போகும். அது காய்வதற்குள் இன்னொரு தூறல் விழுந்தால் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருக்கும். அதில் பைக் சறுக்கியது. எதிரே லாரி வரவில்லை. மாடு குறுக்கே வரவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தான். வேகமும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தகனம் முடிந்த மூன்றாம் நாளே நான் அந்த இடத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்கினேன். தொடர்ந்து மூன்று நாள் போனேன். டயர் தடம் தேடினேன். அக்கம்பக்கத்துப் புஞ்சைக்காரர்களை விசாரித்தேன். யாருடைய டிராக்டர் என்று கேட்டேன். எல்லோருடைய டிராக்டரும்தான் என்றார்கள். குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. அது என்னை என்னவோ செய்தது.

பாய் சொன்ன கதை எனக்கு ஒரு ஆளைக் கொடுத்தது.

எத்தனையோ கதை இருக்க, எதற்காக இந்தக் கதையைச் சொன்னார்? வளர்ந்தால் கெட்டுப்போவான் என்று ஒரு பையனைக் கொன்ற கதையைப் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வந்து யாராவது சும்மா சொல்வார்களா? முத்துக்குமாரைப் பற்றி இவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. அதை நேரே சொல்ல முடியாமல் வேதத்தில் பொதிந்து சொல்கிறார். இப்படி ஓடியது என் புத்தி.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனன் வேறு மாதிரி சொன்னான். "இப்படித்தான் அத்தான் ஆரம்பிப்பாங்க. துக்க வீடா பாத்து வந்து உக்காருவாங்க. முதல்ல கதை, அப்புறம் புஸ்தகம்." ஊருக்குப் போன கையோடு வாட்ஸப்பில் இரண்டு வீடியோ அனுப்பினான். அந்த மாதிரி வீடியோக்களை நான் திறந்தே பார்த்ததில்லை. அப்போது இரண்டையும் இரண்டிரண்டு தடவை பார்த்தேன்.

நோன்பு மாதம் வந்தது. பாயின் மனைவி ஜைனம்பு அக்கா வருஷா வருஷம் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார்கள். அந்த வருஷமும் கொண்டுவந்தார்கள். செல்லத்தாய் வாங்கி வைத்தாள். நான் தொடவில்லை. அவள் குடித்தாளா, கொட்டினாளா என்று தெரியாது. குடித்திருப்பாள் என்று அவளையும் சந்தேகப்பட்டேன்.

பாதி இறக்கிய ஷட்டர்

மெத்தைக் கடைக்கு எதிரில் ஒரு டீக்கடை. வழக்கமாக நான் அங்கே போவதில்லை. நாலைந்து நாள் போய் உட்கார்ந்து, பழகிக்கொண்டு, பேச்சோடு பேச்சாக என் மகனைப் பற்றிக் கேட்டேன். டீ மாஸ்டருக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாது. ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போவார். அந்த நேரம் முத்துக்குமார் வருவான். கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்வான். பாய் திரும்பி வந்த பிறகுதான் வெளியே வருவான். மற்ற நாளிலும் சில சமயம் அப்படி உண்டு.

பாதி இறக்கிய ஷட்டர். பெண்ணா, கெட்ட பழக்கமா, மைத்துனன் சொன்ன மதமாற்ற விஷயமா? எதுவாக இருந்தாலும் பாய்க்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

டீயை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன். பாய் பெரிய ஊசியால் ஒரு மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். முகமன் சொல்லக்கூட நான் நிற்கவில்லை.

"எம் மவன் இங்கன வந்து என்ன செஞ்சான் பாய்?"

ஊசி நின்றது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா வருவான்."

"சும்மா வருதவனுக்கு எதுக்கு ஷட்டரை இறக்கணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் உத்தியோகத்தில் அந்தக் குனிவு ஒன்று போதும்.

"நீங்க எனக்கு ஒரு கதை சொன்னீங்கல்லா, இப்ப நான் ஒண்ணு சொல்லுதேன்" என்று ஆரம்பித்தேன். பிள்ளைக்கறி கேட்ட சாமியாரின் கதை. சின்ன வயதில் கோயில் கொடைத் திருவிழாவில் கேட்டது. எனக்குப் பிடித்த கதையும் இல்லை. அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஒரு சிவபக்தர் வீட்டுக்குச் சாப்பிட வந்த சாமியார், ஒரு வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருக்கிறவனை அறுத்துச் சமைத்துப் போட வேண்டும், தாய் பிடிக்கத் தகப்பன் அறுக்க வேண்டும், இருவரும் மனம் கோணக் கூடாது என்கிறார். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளையைக் கூட்டிவந்து அப்படியே செய்கிறார்கள். தகப்பன் அறுத்த இடத்தில் பாய் ஊசியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்றார்.

எப்படியெல்லாம் என்று எனக்குப் புரியவில்லை. நிறுத்தாமல் முடித்தேன். இலை போட்ட பிறகு சாமியார், உன் பிள்ளை பக்கத்தில் உட்காராமல் சாப்பிட மாட்டேன், கூப்பிடு என்கிறார். இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிட? ஆனாலும் தாய் தெருவுக்கு வந்து கூப்பிடுகிறாள். பிள்ளை ஓடி வருகிறான். உள்ளே போய்ப் பார்த்தால் கறியும் இல்லை, சாமியாரும் இல்லை. வந்தது சிவன்.

"எங்க சாமி புள்ளையத் திருப்பிக் குடுத்தாரு பாய். உங்க கதையில கொன்னுபோட்டுட்டுக் காரணம்லா சொல்லுதாவ."

பாய் எழுந்து நின்றார். "நான் தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றார்.

நான் ஜெயித்துவிட்டது போல வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை. தெரியாமச் சொல்லிட்டேன் என்றால் எதை? தெரிந்தது எது?

ஜைனம்பு அக்கா கேட்டது

நாலு நாள் கழித்துச் சாயந்தரம் ஜைனம்பு அக்கா வந்தார்கள். முன்னறையில் இருந்த என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார்கள். சண்டைக்கோ சமாதானத்துக்கோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே எழுதுகிறேன்.

"செல்லம், அண்ணாச்சி கடையில வந்து ஒரு கதை சொன்னாவளாம். புள்ளைய அறுத்த கதை. தன்னையே நெனச்சு நொந்துபோய்ச் சொல்லுதாருன்னு எங்க வீட்டு அவியளுக்கு ஒரே பயம். நாலு நாளாச் சோறு எறங்கல. அண்ணாச்சியத் தனியா விட்டுறாதீங்கன்னு ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாவ."

நான் அவரைக் குத்திக் காட்டப் போனேன். அவரோ, மகன் சாவுக்கு நான்தான் காரணம் என்று நானே சொல்லிக்கொள்வதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்றது அதற்குத்தான்.

அக்கா போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. இன்னொன்று கேட்டார்கள்.

"கடைசியில அந்தப் புள்ள வந்துச்சாமே. தாய் என்ன சொல்லிக் கூப்பிட்டா?"

"பேரச் சொல்லித்தான் அக்கா" என்றாள் செல்லத்தாய். "தெருவுல நின்னு, பள்ளிக்கூடம் விட்டு வார புள்ளையக் கூப்பிடுத மாதிரி."

அப்புறம்தான் அக்கா சொன்னார்கள். பன்னிரண்டு வருஷமாக எதிரெதிர் வீடுகளில் இருக்கிறோம்; எங்களுக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வருவதற்கு ரொம்ப முன்னால், தூத்துக்குடியில் இருந்தபோது, அவர்களுடைய மூத்த பிள்ளை ஏழு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர்தான் பாய்க்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

"அவிய அந்தக் கதையப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சுக் கடைக்குப் போனாவ. அதைவிடப் பெரிசா அவியகிட்ட ஒண்ணும் கெடையாது செல்லம். அதத்தான் எடுத்தாந்து அண்ணாச்சிக்குக் குடுத்தாவ. எனக்கு அந்த இடம் மட்டும் ஆகாது. எம் புள்ள யாரையும் வதைச்சிருக்க மாட்டான். ஆனா வேதத்துல உள்ளத வேண்டாம்னு நான் எப்படிச் சொல்ல? சத்தம் போட்டு அழக் கூடாதுன்னாவ. அழல. அவன் பேரைச் சொல்லியே முப்பது வருசமாச்சு."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"யூசுப்" என்று அக்கா கூப்பிட்டார்கள். கொல்லையில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. மெதுவாகத்தான். இன்னொரு தடவை கூப்பிட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அதற்கு மேல் முடியவில்லை. அவர்கள் அழுதது கேட்டது. பிறகு செல்லத்தாய் எங்கள் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

நான் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

அக்கா கிளம்பும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போதுகூட என் வாயிலிருந்து ஷட்டர்தான் வந்தது. முத்துக்குமார் கடையில் என்ன செய்தான் என்று கேட்டேன்.

அவர்கள் செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள். "தூங்குவான் அண்ணாச்சி. ராத்திரியெல்லாம் டவர் வேலை பாத்துட்டு வாரவன், உள்ளுக்குள்ள ஒரு மெத்தைய விரிச்சுப் படுத்துக்கிடுவான். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவியகிட்டச் சத்தியம் வாங்கியிருந்தான்."

"வீட்டுக்கு வந்து தூங்குறதுக்கென்ன?"

அவர்களுக்குச் சொல்ல மனமில்லை. நான் விடவில்லை.

"வீட்டுக்குப் போனா எங்க அப்பா டிக்கெட் கேப்பாரும்பான்" என்றார்கள். உடனே, "சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவான் அண்ணாச்சி" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்காகச் சேர்த்தது. அது எனக்குத் தெரியும்.

சுவர்

மன்னிப்புக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். வாயில் வரவில்லை. பாய் டீ சொன்னார். வெயிலைப் பற்றிப் பேசினார். உளுந்து விலையைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுத்தான் வெளியே விட்டார். நான் எதை எப்படி எடுத்துக்கொள்வேனோ என்ற பயம் அவர் கண்ணில் இருந்தது. பஸ்ஸில் என்னைக் கண்டவர்கள் பார்க்கிற பார்வை. இப்போது அது பாயிடமும் வந்துவிட்டது.

"அந்தக் கதையில ஒரு சுவர் வருமே பாய். அன்னைக்கு எனக்குக் காதுல விழல. அதச் சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நமக்குள்ள கதையே வேண்டாம்."

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னார். இருவரும் ஓர் ஊருக்குப் போகிறார்கள். பசி. அந்த ஊரில் ஒருவரும் சோறு போடவில்லை. அங்கே விழுகிற நிலையில் ஒரு சுவர். பெரியவர் அதை நிமிர்த்திக் கட்டுகிறார். கூலி எதுவும் வாங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சுவருக்கு அடியில் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளுக்கு உரிய புதையல் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிற வரைக்கும் சுவர் நிற்க வேண்டும்.

"அது ஏன்னா, அந்தப் புள்ளையளோட..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். "அவ்வளவுதான் அண்ணாச்சி. கதை முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எதையோ விழுங்கிவிட்டார். நல்ல கதை பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஜைனம்பு அக்காவிடம் கேட்டேன். சுவர் ஏன் காப்பாற்றப்பட்டது?

"அந்தப் புள்ளையளோட தகப்பன் நல்ல மனுசன். அதுக்காக ஆண்டவன் காப்பாத்துனான்" என்றவர்கள், "ஏன், அவிய அதைச் சொல்லலையா?" என்று கேட்டார்கள். கேட்ட உடனே அவர்களுக்கே புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

தகப்பன் நல்லவனாக இருந்ததால் பிள்ளைகளின் சுவர் நின்றது. அந்த வார்த்தை என் காதில் எப்படி விழும் என்று பாய் ஒரு கணத்தில் யோசித்து நிறுத்தியிருக்கிறார். சொல்லியிருந்தால், அப்போ நான் கெட்டவனா என்று கேட்டு, இன்னும் ஆறு மாதம் அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

தெரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. அப்படி நான் நினைப்பேன் என்று அவர் எப்படி முடிவு பண்ணலாம் என்று வந்தது. அன்று முழுக்க இருந்தது. செல்லத்தாயிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் பாய் கடை திறக்கக் கிளம்பும் நேரம் பார்த்து வாசலில் போய் நின்றேன். மொபெட்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். ஏதோ கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"பஜாருக்கா அண்ணாச்சி? ஏறுங்க" என்றார்.

முத்துக்குமார் போனதிலிருந்து நான் எந்த இரண்டு சக்கர வண்டியிலும் ஏறியதில்லை. அது பாய்க்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.